வெறும் டிஃப் போதுமா, டிஃப்டாஸ்டிக் வேண்டுமா, இல்லை ஃபார்மேட்டரே போதுமா?

ரிவ்யூவுக்கு வந்த கமிட்டை, அதாவது பதிவு செய்த ஒரு மாற்றத் தொகுப்பை, திறந்தால் ஃபைல் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக இருக்கும், உண்மையில் மாறியது மூன்றே வரி, மற்றதெல்லாம் யாரோ ஒருவருடைய எடிட்டர் டேப்பை ஸ்பேஸ் ஆக்கிவிட்டுப் போனதன் விளைவு. டெர்மினலில் இதைச் சமாளிக்க இரண்டு வழி. ஒப்பிடும் கருவியிடமே 'இடைவெளியைக் கண்டுகொள்ளாதே' என்று சொல்லிவிடலாம். இல்லையென்றால் நிரலை முதலில் ஃபார்மேட்டர் கொண்டு ஒழுங்குபடுத்திவிட்டு அப்புறம் ஒப்பிடலாம். நிறையப் பேர் முதல் வழியோடு நின்றுவிடுகிறார்கள், அதற்கு டீமில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதால். என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான்.

இரண்டு ஃபைலை ஒப்பிட்டு வித்தியாசம் காட்டும் பழைய டிஃப்பிலிருந்தே ஆரம்பிப்போம். பெல் லேப்ஸில் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கி, 1974-இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வந்தது. அதற்கு வரி மட்டும்தான் தெரியும். ஃபங்ஷன், அடைப்புக்குறி, கமெண்ட் எதுவும் தெரியாது. தெரியாததே ஒரு வகையில் வசதி, எந்த மொழி ஃபைலைக் கொடுத்தாலும் ஓடும், வருவதை அப்படியே, அந்த மாற்றங்களைப் பழைய ஃபைலில் செய்துவிடும் பேட்ச் கட்டளைக்குத் தள்ளலாம். இடைவெளியை மறைக்க அதில் பி, டபிள்யூ என்று இரண்டு ஆப்ஷன். சின்ன பி போட்டால், ஏற்கனவே இடைவெளி இருந்த இடத்தில் அதன் அளவு கூடினாலும் குறைந்தாலும் பொருட்படுத்தாது. சின்ன டபிள்யூ போட்டால் இடைவெளி என்று ஒன்றே கிடையாது என்ற கணக்கில் ஒப்பிடும்.

சி, ஜாவா ஃபைல்களில் இது பெரும்பாலும் பிரச்சினை தராது. பைத்தானில்தான் வினை. ஃபார் லூப்புக்கு உள்ளே எட்டு ஸ்பேஸ் தள்ளி இருந்த ஒரு ரிட்டர்ன் வரி நாலு ஸ்பேஸுக்கு நகர்ந்தால் லூப்பை விட்டே வெளியே வந்துவிடுகிறது, நிரல் செய்யும் வேலையே மாறிவிடுகிறது, ஆனால் பி போட்டாலும் சரி, டபிள்யூ போட்டாலும் சரி, டிஃப் 'ஒன்றும் மாறவில்லை' என்று சொல்லிவிடும். பைத்தான் ரிவ்யூவில் டபிள்யூவைப் பழக்கமாக வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். சி-யிலும், மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்தில் இடைவெளி மாறினால் இதே கதைதான்.

நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் வரும் கிட் டிஃப்பை நிறையப் பேர் அதன் இயல்பு அமைப்பிலேயே ஓட்டுகிறார்கள். அது யூஜின் மையர்ஸ் 1986-இல் வெளியிட்ட அல்காரிதம், மிகக் குறைந்த மாற்றத்தில் ஒன்றை இன்னொன்றாக்குவது எப்படி என்று தேடும். கணக்கு சரிதான், ஆனால் ஃபங்ஷன்களை இடம் மாற்றினால் சம்பந்தமே இல்லாத இரண்டு மூடும் அடைப்புக்குறிகளை ஜோடி சேர்த்துவிட்டு, நடுவில் இருப்பதைக் கூறுபோட்டுக் காட்டும். பிட்டோரெண்ட்டை உருவாக்கிய பிராம் கோஹன் யோசித்த பேஷன்ஸ் முறை, இரண்டு ஃபைலிலும் ஒரே ஒரு முறை மட்டும் வரும் வரிகளை முதலில் பொருத்திக்கொண்டு மீதியைப் பிறகு பார்க்கிறது. அதை நீட்டியதுதான், கிட்டின் ஜாவா வடிவமான ஜேகிட்டிலிருந்து வந்த ஹிஸ்டோகிராம். கிட் கான்ஃபிகில் டிஃப் அல்காரிதம் ஹிஸ்டோகிராம் என்று ஒரு வரி போட்டால் போதும், புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். கூடவே கலர்-மூவ்ட் ஆப்ஷனையும் போடுங்கள், இடம் மட்டும் மாறிய வரிகளைத் தனி நிறத்தில் காட்டும். இவ்வளவு இலவச வசதியைத் தொடாமலே புதுக் கருவி தேடி அலைவது எனக்குப் புரிவதே இல்லை.

சரி, புதுக் கருவிகள். டெல்டாவையும் டிஃப்டாஸ்டிக்கையும் பலர் போட்டியாளர்களாகப் பேசுகிறார்கள். இரண்டும் ரஸ்ட்டில் எழுதப்பட்டவை, ஒற்றுமை ஏறக்குறைய அதோடு முடிந்தது. டெல்டா பெரும்பாலும் கிட் கொடுக்கும் டிஃப்பை வாங்கி, நிறம் பூசி, வரிக்குள் எந்தச் சொல் மாறியது என்று எடுத்துக்காட்டும், அவ்வளவுதான். டிஃப்டாஸ்டிக் ட்ரீ-சிட்டர் என்ற பார்சரை வைத்து இரண்டு ஃபைலையும் பார்ஸ் செய்து (நிரலை இலக்கணப்படி பிரித்து) அமைப்பையே ஒப்பிடுகிறது. ஒரே வரியில் இருந்த ஐந்து ஆர்க்யுமெண்ட்டை ஐந்து வரியாக உடைத்தால் டெல்டாவில் ஆறேழு வரி நிறம் மாறும். டிஃப்டாஸ்டிக் அமைதியாக இருக்கும், அல்லது கடைசியில் சேர்ந்த கமாவை மட்டும் சுட்டிக்காட்டும். பைத்தானில் உள்தள்ளலுக்கு அர்த்தம் உண்டு என்பதும் அதற்குத் தெரியும், டபிள்யூவில் மாட்டுவதுபோல இங்கே மாட்ட மாட்டீர்கள்.

ஆனால் விலை இருக்கிறது. பெரிய மாற்றங்களில் மெதுவாகும், மெமரியை நன்றாகவே சாப்பிடும், ஃபைல் மிகப் பெரிதாக இருந்தால் கைவிட்டுவிட்டு வரிக்கு வரி ஒப்பிடும் பழைய முறைக்குத் திரும்பிவிடும். அது தரும் வெளியீடு மனிதர்கள் படிக்க மட்டும், பேட்ச்சாகப் போட முடியாது. டெல்டாவை, மாற்றங்களைத் துண்டு துண்டாகத் தேர்ந்தெடுக்கும் கிட் ஆட் பேட்ச் முறையில் வண்ண வடிகட்டியாகவும் மாட்டலாம், டிஃப்டாஸ்டிக்கில் அந்தப் பேச்சே இல்லை. தினசரிக்கு டெல்டா, குழப்பமான ரீஃபாக்டர் (வேலை மாறாமல் நிரலைத் திருத்தி அமைப்பது) வந்தால் மட்டும் டிஃப்டாஸ்டிக் என்று பிரித்துக்கொண்டால் சண்டை வராது.

ஒழுங்குபடுத்தும் பக்கம் கோ மொழிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், அவர்களுடைய ஃபார்மேட்டரான கோஃபம்ட்டில் ஸ்டைலை மாற்ற ஆப்ஷனே கிடையாது, விவாதமும் கிடையாது. பைத்தானில் 2018-இல் வந்த பிளாக்கும், அதோடு ஒத்துப்போகும்படி எழுதப்பட்ட ரஃப்பும்; இரண்டும் இயல்பாக 88 எழுத்தில் வரியை உடைக்கும். வேகம் வேண்டுமென்றால் ரஃப். பிளாக்கிடம் எனக்குப் பிடித்தது, எழுதி முடித்ததும் பழைய நிரலும் புதியதும் ஒரே சின்டாக்ஸ் மரம்தானா (இலக்கண அமைப்பு ஒன்றேதானா) என்று தானே சரிபார்ப்பது.

சி, சி ப்ளஸ் ப்ளஸ்ஸில்தான் உண்மையான போட்டி. அஸ்டைல் அடக்கமான கருவி: உள்தள்ளல், அடைப்புக்குறி இடம் இவற்றைச் சரி செய்யும், நீங்கள் வரியை எங்கே உடைத்தீர்களோ பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடும். கிளாங்-ஃபார்மேட் அப்படியல்ல, ஒவ்வொரு உடைப்புக்கும் ஒரு அபராதப் புள்ளி போட்டு, மொத்தம் குறைவாக வரும் அமைப்பைத் தேர்ந்தெடுத்து வரிகளை மறுபடி கட்டும். முடிவு ஒரே சீராக இருக்கும், ஆனால் கருவியின் பதிப்பு மாறினால் முடிவும் மாறலாம், அதனால் எல்லோருக்கும் ஒரே பதிப்பு என்று கட்டிப்போட வேண்டும். இன்க்ளூட் வரிகளை அகர வரிசைப்படுத்தும் பழக்கமும் அதற்கு உண்டு. வரிசை முக்கியமான விண்டோஸ் ஹெடர்களில் அது பில்டையே உடைக்கலாம், முதல் நாளே அதை அணைத்துவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் நான் எடுப்பது கிளாங்-ஃபார்மேட்தான், முக்கியக் காரணம் அதோடு வரும் கிட் கிளாங்-ஃபார்மேட்: நீங்கள் தொட்ட வரிகளை மட்டும் ஒழுங்குபடுத்தும், பழைய ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) கை வைக்க இதைவிடப் பாதுகாப்பான வழி தெரியவில்லை.

மொத்த ரெப்போவையும் ஒரேயடியாக ஒழுங்குபடுத்துவதானால் அதைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள், வேறு எந்த மாற்றத்தையும் அதில் கலக்காதீர்கள். எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் பிளேம் பாழாகிவிடும் என்று சொல்பவர்களுக்கு 2019-இல் கிட் 2.23 பதில் சொல்லிவிட்டது, ஒதுக்க வேண்டிய கமிட்களின் பட்டியலை ஒரு ஃபைலில் வைத்தால் பிளேம் அவற்றைத் தாண்டிப் போகும்.

டீம் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறதா? அதற்கும் கிட்டில், ஒப்பிடும் முன் ஃபைலை வேறு வடிவமாக்கித் தரும் டெக்ஸ்ட்கான்வ் இருக்கிறது. கிட் ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் உங்கள் ஃபைல் வகைக்கு ஒரு பெயர் கொடுத்து, கிட் கான்ஃபிகில் அந்தப் பெயரோடு ஃபார்மேட்டரை மாட்டிவிட்டால், கிட் டிஃப் இரண்டு பக்கத்தையும் ஒழுங்குபடுத்திய பிறகே ஒப்பிடும், டிஸ்க்கில் இருக்கும் ஃபைலில் ஒரு எழுத்தும் மாறாது. ஃபார்மேட்டருக்குப் போவது பெரும்பாலும் தற்காலிக நகல் என்பதால் ஸ்டைல் ஃபைல் எங்கே இருக்கிறது என்பதை நீங்களே சொல்லிக்கொடுக்க வேண்டும். வரி எண்களும் உண்மையான ஃபைலோடு பொருந்தாது, ரிவ்யூ கமெண்ட் எழுதும்போது ஃபைலை ஒருமுறை திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.