முட்டிச் சில்லு திரும்பத் திரும்ப விலகினால் கட்டு மட்டும் போட்டு அனுப்புவார்கள், ஏமாறாதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பெண், வயது 19. ஈரச் சரிவில் ஊன்றிய கால் ஊன்றியபடியே இருக்க, உடம்பு திரும்பியதும் முட்டிச் சில்லு வெளிப்பக்கம் விலகிவிட்டது. முதல் தடவை எண்ணெய் போட்டு உருவி, தப்பை வைத்துக் கட்டினார்கள். அடுத்த தடவை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 6 வாரம் மாவுக்கட்டு. மூன்றாவதுக்கு அதே இடத்தில், வெளிப்பக்க ஜவ்வை வெட்டித் தளர்த்தினால் போதும் என்று ஆபரேஷன். அதன்பிறகும் விலகியது.

காசு வாங்கிய யாரும் ஏன் விலகுகிறது என்று பார்க்கவில்லை. சில்லை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும் ஜவ்வு முதல் தடவையே கிழிந்துவிடும். தளர்வாக ஒட்டினால் மறுபடி விலகும். சிலருக்குத் தொடை எலும்பில் சில்லு ஓடும் பள்ளமே ஆழமில்லாமல் இருக்கும். சிலருக்குச் சில்லு மேலேறி நிற்கும். சில்லுக்குக் கீழுள்ள தசைநார் கீழ்க்கால் எலும்பில் பிடித்திருக்கும் மேடு, பள்ளத்தின் நடுக்கோட்டிலிருந்து 20 மி.மீ.க்கு மேல் வெளியே தள்ளியிருந்தால் அதுவும் காரணம். நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த எக்ஸ்ரே போதாது; முட்டியை மடக்கி எடுக்கும் ‘ஸ்கைலைன்’ படத்தைக் கேளுங்கள். குருத்தெலும்பு உடைந்து உள்ளே கிடக்கிறதா என்பது எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். அதற்காகக் கோவை வரை இறங்க நேர்ந்தாலும் வீண் செலவில்லை.

6 வாரம் அசையாமல் கட்டினால் தொடையின் முன்தசை வற்றும். சில்லைப் பிடித்து நிறுத்துவதில் அதற்குப் பெரும் பங்கு. இரண்டு மூன்று வாரம் பிரேஸ் (கழற்றி மாட்டும் முட்டித் தாங்கி), வலி அடங்கியதும் காலை நீட்டித் தூக்கும் பயிற்சி, பிறகு இடுப்புத் தசைக்கும் பயிற்சி என்பதே முறை. கடையில் விற்கும் ‘நீ கேப்’ என்ற முட்டி உறை இதற்கு ஈடாகாது. வெளிப்பக்க ஜவ்வை வெட்டுவது மட்டும் விலகலை நிறுத்தாது; சிலருக்குச் சில்லு உள்பக்கமும் ஆட ஆரம்பிக்கும்.

தொடைப் பின்தசை நாரை எடுத்து, கிழிந்த உள்பக்க ஜவ்வுக்குப் பதில் புது ஜவ்வு கட்டுவதாகச் சொன்னால், தொடை எலும்பில் எந்தப் புள்ளியில் பொருத்துவீர்கள், ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரேயில் சரிபார்ப்பீர்களா என்று கேளுங்கள். புள்ளி மேலே போய்விட்டால் மடக்கும்போது ஜவ்வு இறுகி, முட்டி மடங்காது. வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு, தசைநார் பிடித்திருக்கும் அந்த எலும்பு மேட்டை வெட்டி நகர்த்துவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தோட்டத்தில் விலகினால் உட்காரவைத்து, காலை மெல்ல நீட்டுங்கள். பெரும்பாலும் தானே உள்ளே போகும். மடங்கிய முட்டியில் சில்லைக் குத்தித் தள்ளக்கூடாது. போகவில்லையென்றால் இருக்கிறபடியே தலையணை கட்டி, ஜீப்பின் பின்சீட்டில் கால் ஆடாமல் படுக்கவைத்துக் கொண்டைஊசி வளைவுகளை இறங்குங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது படங்களையும் ஆபரேஷன் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். இந்தப் பெண்ணுக்கு ஒரு ரசீது மட்டும் கொடுத்தார்கள். எவ்வளவு வெட்டினார்கள் என்று தெரியாமல்தான் அடுத்த டாக்டர் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.