பள்ளி பஸ் பாஸ்: மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எதுவரை கைகொடுக்கும்?

டிக்கெட் காசைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த பாஸ் இருந்தால் மாணவர்களுக்கு அரசு பஸ்ஸில் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வர முழு இலவசம். ஆனால் ஒரே பாஸ் பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டிக் குடியிருக்கும் பையனுக்கு ஒரு மாதிரி, பேரையூர் பக்கம் காலையில் ஒரு டவுன் பஸ் மட்டும் எட்டிப்பார்க்கும் உட்கிராமத்துப் பையனுக்கு வேறு மாதிரி. அந்த ஒன்றும் நிரம்பி வந்து நிறுத்தத்தில் நிற்காமல் போனால், சட்டைப்பையில் பாஸ் இருந்தும் முதல் பீரியட் போச்சு.

விண்ணப்பிக்கும்போது கவனிக்க வேண்டியது ஏறுமிடம், இறங்குமிடம். பள்ளிப் பதிவில் தாத்தா வீட்டு முகவரி இருந்தால் பாஸும் அங்கிருந்து ஏறுவதாகத்தான் வரும். பிறகு நடத்துநரோடு தினம் வாக்குவாதம். திருமங்கலத்தில் மாறி ஏற வேண்டியிருந்தால் இரண்டு வழித்தடத்தையும் எழுதிக் கொடுங்கள். ஜூனில் புது அட்டை வரத் தாமதமாகும். அதுவரை சீருடையோ பழைய பாஸோ போதும் என்று ஆண்டுதோறும் அறிவிப்பு வருகிறது.

பெண் பிள்ளைகளுக்கு 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பாஸே தேவையில்லை. புறநகர் பஸ்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது மட்டுமே ஓடும் சாலையில் குடியிருந்தால் அவர்களுக்கும் பாஸ் எடுத்து வையுங்கள்.

பாஸ் தொடாத இடமும் உண்டு. கல்வி உரிமைச் சட்ட விதிப்படி தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப்பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வரைபடத்தில் பள்ளி 800 மீட்டரில்தான் இருக்கும், நடுவே நால்வழிச்சாலை. சுரங்கப்பாதை வரை போய்த் திரும்பினால் இரண்டு கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு எந்த பஸ்ஸும் கிடையாது. பள்ளியே இல்லாத குடியிருப்புகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் போக்குவரத்துப் படி உண்டு. தலைமையாசிரியரிடம் கேளுங்கள், பல பெற்றோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஒன்பதாம் வகுப்புதான் உண்மையான சோதனை. எட்டு வரை பக்கத்து ஊர்; அப்புறம் உயர்நிலைப்பள்ளிக்கு இன்னும் தள்ளிப் போக வேண்டும். விலையில்லா சைக்கிள் வருவதோ பதினொன்றில். இடைப்பட்ட இரண்டு வருஷம் பாஸை நம்பித்தான் ஓட்டியாக வேண்டும். (இந்தக் கணக்கைப் போட்டவர் பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்க மாட்டார்.)

பள்ளியில் சேர்க்கும் முன் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளின் மாலைச் சிறப்பு வகுப்பு முடியும் நேரத்தையும் உங்கள் ஊர்க் கடைசி டவுன் பஸ் நேரத்தையும் விசாரியுங்கள். நடுவில் இருபது நிமிடம்கூட இல்லையென்றால் கூட்டிவர ஒரு வண்டிக்கு இப்போதே வழி பண்ணுங்கள்.