காதில் அடிபட்டுப் போனால் க்ளினிக் சீட்டைப் படிக்காமல் வெளியே வராதீர்கள்

பஸ் ஸ்டாண்டு தகராறு ஒன்றில் என் தம்பிக்கு இடது காதோடு சேர்த்து ஓங்கி ஓர் அறை. லேசாக ரத்தம், காதுக்குள் 'ங்ஙொய்' என்று இரைச்சல். பக்கத்திலிருந்த தனியார் க்ளினிக்குக்குக் கூட்டிப்போய் நடந்ததை எல்லாம் சொன்னோம். டாக்டர் காதுக்குள் லைட் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. "ரத்தம் கட்டியிருக்கு, கழுவிடலாம்" என்றார்.

உதவியாளர் பெரிய ஸ்டீல் சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றிப் பீய்ச்சினார். "அக்கா, தண்ணி தொண்டைக்கு வருது!" என்று தம்பி அலறினான். காதில் விட்ட தண்ணீர் தொண்டைக்கு வருகிறது என்றால் ஜவ்வில் ஓட்டை என்றுதானே அர்த்தம்? அங்கே யாருக்கும் அது உறைக்கவில்லை. ஜென்டாமைசின் சொட்டு மருந்து எழுதி, ஃபீஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

காதில் சீழ் வடியத் தொடங்கியதும் அரசு மருத்துவமனை ஈ.என்.டி.க்குப் போனோம். அந்த டாக்டரம்மா ஓட்டோஸ்கோப்பில் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார். அடிபட்டுக் கிழிந்த ஜவ்வு பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிவிடுமாம். காது நனையக் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு வைக்க வேண்டும். மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. (எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்லும் அத்தைகளைக் கிட்டவே விடாதீர்கள்.) சில மாதங்கள் ஆகியும் மூடாவிட்டால்தான் ஆபரேஷன். தண்ணீர் பீய்ச்சினால் கிருமி நடுக்காதுக்குள் போகும். ஜென்டாமைசின், நியோமைசின் வகைச் சொட்டு ஓட்டை வழியாக உள்காதுக்கு இறங்கினால் கேட்கும் திறனே போகலாம்.

வைத்தியக் கோளாறைவிட எங்களைக் கவிழ்த்தது அந்தச் சீட்டுதான். பெயர், வயது, 'காது வலி', மருந்து. அவ்வளவே. எந்தக் காது, எப்படி அடிபட்டது, ஒரு வார்த்தை இல்லை. புதுக் கிழிசல் என்றால் ஓரம் பிசிறாக, ரத்தக்கறையோடு இருக்கும். சீழ் பிடித்த பிறகு, "இது பழைய ஓட்டையா, புதுசான்னு இனிமே உறுதியா எழுத முடியாதும்மா" என்றார் அரசு மருத்துவமனை டாக்டரம்மா. போலீஸ் கேட்பதோ முதல் நாள் சீட்டை. எதிர்த்தரப்பு, 'அவனுக்கு ஏற்கெனவே காது கேட்காது' என்கிறது.

அடிதடிக் காயம் என்றால் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். (ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர், அதாவது காயப் பதிவு) போடச் சொல்லுங்கள். எந்தக் காது, ஓட்டை எந்தப் பக்கம், எவ்வளவு பெரிசு, ஓரம் எப்படி என்று எழுதி வாங்குங்கள். காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராமும் எடுத்துவிடுங்கள். ஒரு காது நிரந்தரமாகச் செவிடானாலே சட்டப்படி அது கொடுங்காயம். அதற்குக் காகிதம் வேண்டும்.

க்ளினிக்கில் பதிவேட்டு நகல் கேட்டோம். "அதெல்லாம் வைக்கிறதில்லைங்க" என்கிறார்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி, உள்நோயாளிப் பதிவை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். புறநோயாளி என்று நழுவப் பார்க்கிறார்கள். எழுத்துமூலம் கேட்டு ஸ்பீட் போஸ்ட் அனுப்பியிருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் அவகாசம் உண்டு, வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். க்ளினிக் பெயரை இன்பாக்ஸில் கேட்காதீர்கள், இப்போது சொல்ல முடியாது.