கணக்கு சரியாக இருந்தது, கருவிதான் பொய்: 2,048-ஐ 56-ஆல் வகுத்து விற்பவரிடம் நான் இழந்த நாற்பத்தெட்டாயிரம்

“கருவி மின்னிணைப்பு கொடுத்தவுடன் இயங்குவதால் தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது” என்ற ஒற்றை வரி, நான் மோடம் கருவி வாங்கி ஏமாந்த விற்பனைத் தளத்திடமிருந்து நேற்று மாலை வந்து சேர்ந்தது. என் நாற்பத்தெட்டாயிரமும் அந்த வரியோடு முடித்துவைக்கப்பட்டுவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

டயல்-அப் மோடம் (சாதாரணத் தொலைபேசி அழைப்பில் தரவு அனுப்பும் கருவி) வழியாக மட்டுமே தரவு அனுப்பத் தெரிந்த பழைய பதிவுக் கருவிகள் சில என் பொறுப்பில் உள்ளன. அவை ஒரே நேரத்தில் அழைத்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி நொடிக்கு 2.048 மெகாபிட், அதாவது 2,048 கிலோபிட் வேகமுள்ள இ1 இணைப்பு (பல அழைப்புகளை ஒன்றாகச் சுமக்கும் டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு) ஒன்றை எடுத்துவிட்டு, அதன் முனையில் வைக்கக் கருவி தேடியபோது, பயன்படுத்திய தொலைத்தொடர்புக் கருவிகளை விற்கும் ஓர் இணையத் தளத்தில் “வேக மாற்றி, 36 மோடம்களுடன், ஒவ்வொன்றும் 56 கிலோபிட்” என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. விற்பவரைத் தொலைபேசியில் அழைத்து 36 என்ற எண் எப்படி வந்தது என்று கேட்டேன். “2,048-ஐ 56-ஆல் வகுத்துப் பாருங்கள், நீங்களே சொல்லுங்கள்” என்றார். 36.57 என்று வந்தது. “புள்ளிக்குப் பின்னால் இருப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை” என்று சிரித்தார். உள்ளதைக் கூட்டிச் சொல்லாமல் குறைத்துச் சொல்கிறாரே, நேர்மையான மனிதர் என்று அந்த நொடியில் நம்பினேன். அன்றிரவே நாற்பத்தெட்டாயிரத்தையும் ஒரே தவணையில் அனுப்பிவிட்டேன்.

பெட்டியைத் திறந்தபோது மோடம்கள் 36 இருந்தன. மாற்றியின் பின்புறத்தில் தொலைபேசித் துளைகள் 30 மட்டுமே இருந்தன. மீதி ஆறு மோடம்களை எங்கே செருகுவது என்று கேட்டதற்கு, “அவை சுழற்சி முறைக்கு” என்றார். எதைச் சுழற்றுவது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். தொலைபேசி வலைப்பின்னல் ஓர் அழைப்பை நொடிக்கு 8,000 முறை, முறைக்கு 8 பிட் வீதம் அளந்து அனுப்புகிறது. அதனால் அழைப்பில் பேச்சு போனாலும், 56 கிலோபிட் மோடம் போனாலும், 9.6 கிலோபிட் மோடம் போனாலும், அது பிடித்துக்கொள்ளும் இடம் முழுதாக 64 கிலோபிட்தான். இ1-இல் அத்தகைய இடங்கள் 32 உள்ளன. ஒன்று ஒத்திசைவுக்கும் மற்றொன்று அழைப்புச் சமிக்ஞைக்கும் போக, அழைப்புகளுக்கு மிஞ்சுவது 30. இ1 போலவே பல அழைப்புகளைச் சுமக்கும் 1.544 மெகாபிட் டி1 இணைப்பிலும் இதே கதைதான்: 1,544-ஐ 56-ஆல் வகுத்தால் 27 வரும், ஆனால் உள்ளே இருப்பவை 24 இடங்கள், ஐஎஸ்டிஎன் எனும் டிஜிட்டல் தொலைபேசி முறையில் சமிக்ஞைக்கு ஒன்று போய்விட்டால் 23.

இதைவிடப் பெரிய புளுகு அந்த 56. 1998-இல் வந்த வி.90 என்ற மோடம் தரநிலைப்படி, அழைப்பை ஏற்கும் முனையின் மோடம் டிஜிட்டல் இணைப்போடு நேரடியாகச் சேர்ந்திருந்தால்தான் அந்த வேகத்துக்கு வழி உண்டு. எனக்கு விற்கப்பட்ட மாற்றியோ டிஜிட்டல் இணைப்பைப் பிரித்து மறுபடியும் அனலாக் (சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் போகும் அலை) ஆக்கி, சாதாரண மேசை மோடம்களிடம் கொடுக்கிறது. இந்த நிலையில் 33.6 கிலோபிட் என்பதே உச்சவரம்பு. என் திரையில் நான் பார்த்தவை 31.2, 28.8, சில இரவுகளில் 26.4. சரியான கருவியாகவே இருந்திருந்தாலும் வி.90-இன் 56 அழைப்பவரை நோக்கி வரும் திசைக்கு மட்டுமே உரியது, அழைப்பவரிடமிருந்து போகும் திசையில் 33.6-ஐத் தாண்டாது. என் பதிவுக் கருவிகள் அழைப்பவை. தரவை அனுப்புபவையும் அவைதாம். ஆக, எனக்கு வேண்டிய திசையில் அந்தப் 56 ஒருநாளும் கிடைத்திருக்காது. இத்தனைக்கும் என் தேவை என்ன என்பதை முதல் அழைப்பிலேயே அவரிடம் விரிவாகச் சொல்லியிருந்தேன்.

இவற்றை எடுத்துச் சொன்னபோது முதலில் அமைப்பை மாற்றிப் பார்க்கச் சொன்னார். அடுத்த முறை தொலைபேசி இணைப்பில் இரைச்சல் இருக்கும் என்றார். மூன்றாவது முறை, “56 என்பது கோட்பாட்டளவில்” என்றார். வாங்குவதற்கு முன் அந்தச் சொல் அவர் வாயில் வரவேயில்லை. நான்காவது அழைப்பை எடுக்கவில்லை. தளத்தில் புகார் அளித்து, திரையில் தெரிந்த வேகங்களைப் படமெடுத்து அனுப்பினேன். பெட்டியின் விளக்குகள் எரிகின்றனவா என்று மட்டும் கேட்டார்கள். எரிகின்றன என்று உண்மையைச் சொன்னேன். அதற்குக் கிடைத்த பதில்தான் மேலே உள்ளது. நாற்பத்தெட்டாயிரம் கொடுத்து வாங்கிய விளக்குகள் இப்போதும் பச்சையாகவே எரிகின்றன.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. மெகாபிட்டை மோடம் வேகத்தால் வகுத்துக் காட்டுபவரிடம் எதையும் வாங்காதீர்கள். 64 கிலோபிட் இடங்கள் எத்தனை என்று மட்டும் கேளுங்கள். மோடம் டிஜிட்டல் இணைப்பிலேயே நேராக அமர்கிறதா, இடையில் அனலாக் துளை வருகிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். 56 எந்தத் திசைக்கு என்றும் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னதாக அனுப்பாதீர்கள். ஆறு மோடம்கள் இன்னும் மேசைக்கு அடியில்தான் கிடக்கின்றன.