பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கொட்டை கொள்முதல் கடை: விற்றவனின் மதிப்புரை

இரண்டு ஏக்கர் தோப்பில் கிடைத்த கொட்டையைச் சித்திரையில் இக்கடையில் விற்றேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. மின்னணுத் தராசு கண்ணெதிரே இருப்பதும் அன்றே பணம் கைக்கு வருவதும் பாராட்டத்தக்கவை.

விலை வைக்கும் முறையில்தான் குறை. 80 கிலோ மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, நாலைந்தை மட்டும் பிளந்து, அதில் ஒன்று சொத்தையாக இருந்ததைக் காட்டி மூட்டை முழுவதற்கும் விலையைக் குறைத்தார்கள். ஒரு கிலோ கொட்டையை எண்ணி, வெட்டி, நல்ல பருப்பை எடைபோட்டுப் பார்ப்பதல்லவா முறை? ஈரம் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்ததற்கும் கை உணர்வே சாட்சி. ஈரமானி அங்கே இல்லை. 2011 தானே புயலில் சாய்ந்த மரங்களுக்குப் பதிலாக நான் வைத்த வி.ஆர்.ஐ. 3 (விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் உயர்ரகம்) ஒட்டுக்கன்றுகளின் கொட்டைக்கும் நாட்டுக்கொட்டைக்கும் ஒரே விலைதான்.

ஆப்பிரிக்கக் கொட்டை துறைமுகத்தில் இறங்கிவிட்டது என்றும் பேரத்தில் சொன்னார்கள். அது பொய்யென்று சொல்லமாட்டேன். இங்குள்ள ஆலைகள் பலவும் இறக்குமதியையே நம்பி ஓடுகின்றன. ஆனால் காயவைத்து இரண்டு மாதம் இருப்பு வைக்க இடமும் கைப்பணமும் இல்லாதவன் வரத்து குவியும் நாளிலேயே விற்றாக வேண்டும் என்பது கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

அவசரத் தேவைக்குப் போகலாம். தரமான சரக்கு வைத்திருப்பவர்கள், குறைந்தது மூன்று கடைகளில் விலை கேட்ட பிறகே மூட்டையை வண்டியிலிருந்து இறக்குங்கள்.