சனிக்கிழமை காலை ஆறரை மணித் தமிழ் வகுப்பு: பிள்ளையைச் சேர்க்கலாமா?

மேற்கு மாம்பலத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் தன் வீட்டு ஹாலில் இருந்தபடி ஜூமில் நடத்தும் தமிழ் வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. இப்போதே இடம் கேட்டுக் காத்திருப்பவர்கள் அதிகம், விளம்பரம் வேண்டவே வேண்டாம் என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆனால் இந்த மாதிரி வகுப்புகள் இன்று தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. எதில் சேர்ப்பது, எதற்கு மயங்கக் கூடாது என்று குழம்புகிறவர்களுக்கு என் அனுபவம் பயன்படட்டும்.

என் பையன் நான்காம் வகுப்பு, ஆதம்பாக்கம். என் அண்ணன் மகள் ஐந்தாம் வகுப்பு, டாலஸ் பக்கம். இருவரும் ஒரே பேட்ச். மொத்தம் எட்டுப் பிள்ளைகள்தான். நமக்குச் சனிக்கிழமை காலை ஆறரை என்றால் அவளுக்கு வெள்ளிக்கிழமை இரவு எட்டு. நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்ததும் நமக்கு ஏழரை ஆகிவிடும். அதுவரை பல்கூடத் தேய்க்காமல் கேமரா முன்னால் போய் உட்காரும் பையனைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். கட்டணம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மாதம் 1,200 ரூபாய், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு 40 டாலர். நேரத்தை யார் வசதிக்கு வைக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிந்திருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

"மெட்ராஸ்ல இருக்கற பிள்ளைக்கு எதுக்குத் தமிழ் கிளாஸ்?" என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் தமிழ் கற்றல் சட்டம் 2006-இலேயே வந்துவிட்டது, பிறகு சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் அதை நீட்டித்தார்கள். என் பையனும் பள்ளியில் தமிழ் படிக்கிறான். பிரித்து எழுதுக, எதிர்ச்சொல் எழுதுக எல்லாம் சரியாக எழுதி மார்க் வாங்கிவிடுவான். ஆனால் கீரைக்காரம்மா வாசலில் நின்று "தம்பி, அம்மா இருக்காங்களா?" என்றால் "ஒன் மினிட்" என்று உள்ளே ஓடிவந்துவிடுவான். வீட்டில் நாங்கள் பேசுவதும் பாதி ஆங்கிலம்தான், மறைக்க என்ன இருக்கிறது. டாலஸ்காரிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறல். ஆனால் பேச்சில் கூச்சம் கிடையாது. தப்பும் தவறுமாகச் சத்தமாகப் பேசுவாள். அவளைப் பார்த்துத்தான் இவன் வாயைத் திறந்தான். பேட்சில் நன்றாகப் படிக்கிறவன் சிங்கப்பூர்ப் பையன். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியிலேயே தாய்மொழிப் பாடமாகவும் இருக்கிறது. அமெரிக்கா, சிங்கப்பூர், ஆதம்பாக்கம் மூன்றையும் சேர்த்து உட்காரவைத்தால் ஆதம்பாக்கம்தான் கடைசி பெஞ்சு.

இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது வீட்டுப்பாடம். எழுதவே வேண்டாம். வாரம் ஒரு கேள்வி கொடுப்பார். தாத்தா, பாட்டி, அத்தை, பெரியப்பா யாரிடமாவது கேட்டுவிட்டு வந்து, அடுத்த வகுப்பில் நோட்டைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். "சின்ன வயசுல காய்ச்சல் வந்தா என்ன சாப்பிடக் கொடுப்பாங்க?" "உங்க வீட்ல யாருக்கு யார்கிட்ட பயம்?" இப்படித்தான் கேள்விகள் இருக்கும். "நல்லா இருக்கேன் தாத்தா, சாப்பிட்டேன் தாத்தா" என்று முடிந்துபோகும் ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால்களை நினைத்துப் பாருங்கள். இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு அப்படி முடிக்க முடியாது.

ஒரு வாரம் "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்ற கேள்வி வந்தது. என் அம்மா மெட்ராஸ் டெலிபோன்ஸில் ஆபரேட்டராக இருந்தவர், இப்போது எங்களோடு இருக்கிறார். இவன் கட்டிலில் அவர் பக்கத்தில், அவள் போன் திரையில். அம்மா டிரங்க் கால் கதையை ஆரம்பித்தார். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் முதலில் எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. லைட்னிங் என்றால் உடனே கிடைக்கும், ஆனால் ஆர்டினரியைப் போல எட்டு மடங்கு காசு. கணக்கெல்லாம் மூன்று நிமிடம் மூன்று நிமிடமாகத்தான்.

"மூணு நிமிஷத்துல என்ன பேசுவாங்க பாட்டி?"

"யார் போயிட்டா, யாருக்குப் பொறந்திருக்கு, பணம் அனுப்பு. வேற என்ன?"

"நீங்க அதெல்லாம் கேப்பீங்களா?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "கேக்கக் கூடாது. கேப்போம்."

அப்புறம் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. ராத்திரி டியூட்டிக்குத் துணையாக வந்த தோழி, கல்யாணம் நின்றுபோன செய்தியைத் தானே இணைத்துக் கொடுத்துவிட்டு அழுதது என்று நான் கேட்டறியாத கதைகள். எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது, இதையெல்லாம் அவரிடம் ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. கொடுத்த பணத்துக்கு அந்த ஒரு வாரமே போதும்.

குறை இல்லாமல் இல்லை. எழுத்துப் பயிற்சி குறைவு. 247 எழுத்தும் வரிசையாகச் சொல்வார்கள், ஆனால் ரகர றகரம், னகர ணகரம் எழுதும்போது இன்னும் கண்டபடி மாறுகிறது. பரீட்சை மார்க் வேண்டும் என்றால் இது அதற்கான இடம் இல்லை. பெற்றோர் வாட்ஸாப் குழு ஒரு தனி இம்சை. திருக்குறள் போதவில்லை என்று அங்கே ஓயாத புகார். டீச்சர் மாதம் ஒரு குறள்தான் சொல்லித் தருவார். இந்த வேகத்தில் 1330 குறளையும் முடிக்க 110 வருஷத்துக்கு மேல் ஆகும் என்று சான் ஹோசே அப்பா ஒருவர் கணக்குப் போட்டு அனுப்பினார். "அவசரம் ஒன்றும் இல்லை" என்று டீச்சர் பதில் போட்டார். அவருக்கு என் ஓட்டு.

பெரிய குறை, மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் 'பண்பாட்டு நேரம்'. யாராவது ஒரு பேச்சாளர் வந்து குழந்தைகளுக்கு நம் விழுமியங்களைச் சொல்வார். போன மாதம் வந்தவர், மேலைநாட்டில் வயதான பெற்றோரை இல்லத்தில் தள்ளிவிடுவார்கள், நம் பண்பாட்டில் அப்படிக் கிடையாது என்று முழங்கினார். டாலஸ்காரி கையைத் தூக்கினாள். "எங்க பாட்டி எங்க வீட்டுக்கு வந்தாங்க. ஆறு மாசம் இருக்கலாம். ஆனா போர் அடிக்குதுன்னு சீக்கிரமே சென்னைக்குப் போயிட்டாங்க. அது யார் தப்பு?" கேமராவில் தெரியாமல் ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நடந்து போய் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்க முடியாத ஊரில் எனக்கென்ன வேலை என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். பேச்சாளர் "நல்ல கேள்வி பாப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

நான் சைதாப்பேட்டையில் ஓர் ஆவண எழுத்தரிடம் வேலை பார்க்கிறேன். பெற்றோர் பிள்ளைகளுக்கு வீட்டை எழுதிவைக்கும் செட்டில்மென்ட் பத்திரங்கள் தினமும் என் கையில். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை 2007-இல் நம் நாடாளுமன்றம்தான் கொண்டுவந்தது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது அதன் 23-ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் அதற்கு வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் போக வேண்டும். இது தெரிந்த பெரியவர்கள் "அந்த வரியைச் சேர்த்துடும்மா" என்று மெதுவாகச் சொல்வார்கள். நான் அதை டைப் அடிக்கும்போது மகன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்த மகன்கள் வேளச்சேரி, போரூர்க்காரர்கள். டாலஸில் இருந்து வந்தவர்கள் இல்லை.

டீச்சரிடம் இதைச் சொன்னேன். "எனக்கும் பிடிக்கலைம்மா. ஆனா பாதிப் பேர் பிள்ளையைச் சேர்க்கறதே அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான்" என்றார். உண்மையாகத்தான் இருக்கும். குழுவில் அந்த வீடியோவுக்குத்தான் கைகூப்பிய எமோஜிகள் குவிகின்றன.

நீங்கள் எந்த வகுப்பில் சேர்ப்பதாக இருந்தாலும் முதலில் மாதிரி வகுப்பு ஒன்று கேளுங்கள். பேட்சில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதினைந்து, இருபது பேர் என்றால் உங்கள் பிள்ளை மியூட்டிலேயே வளரும். ஒரு மணி நேரத்தில் டீச்சர் எவ்வளவு பேசுகிறார், பிள்ளைகள் எவ்வளவு பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். வீட்டில் பேசக் கூப்பிடப் பெரியவர்கள் யாரும் இல்லாத பிள்ளைகளுக்கு இந்த டீச்சர் தன் அக்கம்பக்கத்துத் தோழிகளின் எண்ணைக் கொடுக்கிறார், அவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டுதான். மற்ற வகுப்புகளில் அந்த ஏற்பாடு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். அடுத்த டேர்முக்கும் பணம் கட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை லிங்க்கை மட்டும் நாங்கள் திறப்பதில்லை.