மாப்பிள்ளை வீட்டாரை ஊர் சுத்திக் காட்ட ட்ராவல்ஸ் புடிச்சோம் (நாகர்கோவில் பக்கம் கல்யாணம் வைக்கிறவங்களுக்கு)

ரிவ்யூ கொஞ்சம் நீளம், கல்யாண வீட்டுக்காரங்களுக்கு உபயோகப்படும்னு எழுதுறேன். ட்ராவல்ஸ் பேர போடல, ஏன்னா குறையும் சொல்லப்போறேன், உள்ளூர்க்காரரு வேற. பொதுவா இந்த மாதிரி ஆள வச்சா என்ன கிடைக்கும் என்ன கிடைக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டா போதும்.

தங்கச்சிக்கு ஆவணி ஞாயித்துக்கிழமை முகூர்த்தம். மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர். நமக்கு இது சொந்த ஊரு, அவங்களுக்கு டெஸ்டினேஷன் வெட்டிங், அதனால வெள்ளிக்கிழமை காலையில வந்து திங்கக்கிழமை ராத்திரி ட்ரெயின் ஏறுற மாதிரி ஒரு பெரிய கூட்டமே கிளம்பி வந்துச்சு, அதுல முட்டுவலி உள்ள பெரியப்பா பெரியம்மாவும் உண்டு, மாப்பிள்ளையோட பெங்களூர் ஃப்ரெண்ட்ஸும் உண்டு. கல்யாண வீட்ல இவங்கள யார் கூட்டிட்டு சுத்துறது, அப்பா பந்தக்கால் பின்னாடி நிக்கார், நான் சமையல்காரர் பின்னாடி நிக்கேன். அதான் வண்டி, கைடு, பிளான் எல்லாம் சேத்து ஒரே ஆள்ட்ட குடுத்துட்டோம்.

முதல்ல நல்லத சொல்றேன். ட்ராவல்ஸ் அண்ணாச்சிட்ட நாங்க குடுத்த லிஸ்ட் மாப்பிள்ளை வீட்டுப் பசங்க யூடியூப் பாத்து எழுதுனது, கன்னியாகுமரி சூரிய உதயத்துல ஆரம்பிச்சு திற்பரப்பு அருவியில குளிச்சு முட்டம் கடற்கரையில அஸ்தமனம் பாக்குற வரைக்கும் எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டிருந்தாங்க, கல்யாணம் முடிஞ்ச திங்கக்கிழமைக்கு பத்மநாபபுரம் அரண்மனை. அவர் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு, "மக்கா, திங்கக்கிழமை அரண்மனை பூட்டு, மாப்பிள்ள வீட்டாரு கதவ பாத்துட்டா வருவாங்க?" உண்மைதான், அரண்மனை நம்ம தக்கலை பக்கம் இருந்தாலும் பாக்குறது கேரளா அரசு, திங்கக்கிழமை அவங்களுக்கு லீவு. முக்கால்வாசி கல்யாணம் ஞாயித்துக்கிழமை, மிச்சம் கிடைக்குற நாள் திங்கக்கிழமை, எத்தனை குடும்பம் இப்படிப் போய் திரும்பியிருக்கும்னு நெனச்சா சிரிப்பா வருது.

அரண்மனைய சனிக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு, கதவு தொறக்கும்போதே உள்ள போற மாதிரி மாத்தினாரு. மத்தியானம் ஒரு மணி நேரம் டிக்கெட் குடுக்கமாட்டாங்க, அதுக்கு முன்னாடியே பாத்து முடிச்சாச்சு. செருப்ப வெளிய விட்டுட்டுதான் போகணும், உள்ள மரப்படி எல்லாம் குறுகல், தலைய குனிஞ்சு ஏறணும், அதனால வயசானவங்கள கீழ் கட்டோட நிப்பாட்டி ஊட்டுபுரைய (அந்தக் காலத்து சாப்பாட்டுக் கூடம்) காட்டி உக்கார வச்சிட்டாரு. ஊட்டுபுரை அளவப் பாத்துட்டு மாப்பிள்ளையோட பெரியப்பா "ஏனுங்க தம்பி, கல்யாணத்த இங்கயே வச்சிருக்கலாமுங்களே, மண்டப வாடகை மிச்சம்"ன்னாரு. கண்ணாடி மாதிரி மின்னுற அந்த கருப்புத் தரை சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கருன்னு என்னென்னமோ சேத்து போட்டதும்பாங்க, அத கேட்டதுல இருந்து அத்தைமார் எல்லாரும் தரையத்தான் பாத்துட்டு வந்தாங்க, தேக்குல செதுக்குன மேல் கூரைய யாரும் நிமிந்து பாக்கல.

இவர வச்சதுக்கு உண்மையான பலன் ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சது. ஆவணி ஞாயிறுன்னா நாகராஜா கோவில்ல என்ன கூட்டம் இருக்கும்னு நாகர்கோவில்காரனுக்கு சொல்ல வேண்டாம், நாகருக்கு பாலும் மஞ்சளும் ஊத்த எங்கெங்க இருந்தோ வருவாங்க, சுத்தி உள்ள ரோடு பூரா அடைஞ்சிரும். மாப்பிள்ளை வீட்டார்ல பாதி பேர் டவுன் லாட்ஜ்ல, மண்டபம் கன்னியாகுமரி ரோட்டுல. நாங்க யாரும் இத யோசிக்கல, ஊர்க்காரங்கதான் ஆனா கல்யாண அவசரத்துல எவனுக்கு ஞாபகம் வரும். அண்ணாச்சி முந்தின நாளே வாட்ஸ்அப்ல போட்டுட்டாரு, எல்லாரும் விடியுறதுக்குள்ள வண்டியில இருக்கணும், வேற வழியா சுத்தித்தான் போவோம், லேட்டா வர்றவங்க ஆட்டோல வாங்கன்னு. கறாரான மெசேஜ், எங்க அம்மாவுக்கு அது பிடிக்கல, சம்பந்தி வீட்டாருட்ட இப்படியா பேசுறதுன்னு. ஆனா ஒருத்தர் விடாம முகூர்த்தத்துக்கு வந்து உக்காந்திருந்தாங்க. நாமளே இத சொல்லியிருந்தா சண்டையாயிருக்கும், கூலிக்கு வந்த மூணாவது மனுஷன் சொன்னதால கேட்டாங்க.

திருவனந்தபுரம் ஏர்போர்ட் விஷயத்துலயும் நல்ல யோசனை சொன்னாரு. மேப்புல பாத்தா நாகர்கோவிலுக்கு எழுபது கிலோமீட்டருக்கு உள்ளதான் காட்டும், ஆனா பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம்னு ஊர் மேல ஊரா வரும், வண்டி நகராது. சாயங்காலம் இறங்குற பெங்களூர் பசங்கள ட்ரெயின்ல வர சொல்லிட்டு நாகர்கோவில் ஸ்டேஷன்ல வண்டி போட்டாரு. பெட்டி நிறைய வச்சிருந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும்தான் ஏர்போர்ட்டுக்கு கார் அனுப்பினாரு, அவங்கதான் கடைசியா வந்து சேந்தாங்க.

இனி குறை. முதல் குறை போட்டு (படகு). வெள்ளிக்கிழமை காலையில விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, "க்யூவே கிடையாது சார், நான் பாத்துக்கிடுதேன்"னு அட்வான்ஸ் வாங்கும்போது சொன்னவரு அன்னைக்கு ஆளையே காணல, கூட அனுப்பின பையனுக்கு கவுண்டர் எந்தப் பக்கம்னே தெரியல. எல்லாரோடயும் சேந்து வெயில்ல நின்னோம். அதுலயும் கடல் தண்ணி உள்வாங்கிருச்சுன்னு போட்டை கொஞ்ச நேரம் நிறுத்திட்டாங்க. அது யார் கையிலயும் இல்ல, ஆனா குமரியில இது அடிக்கடி நடக்குற சங்கதி, அதுக்கு ஒரு மாத்து பிளான் வச்சிருக்கணும்ல, காந்தி மண்டபம் பக்கத்துல நெழல்ல உக்கார வச்சிருந்தாக்கூட போதும். ஒரு ஆறுதல், இப்ப கண்ணாடி பாலம் இருக்கு. 2024 டிசம்பர்ல தொறந்தது, 77 மீட்டர் நீளம், பாறையில இறங்கி அப்படியே நடந்து 133 அடி வள்ளுவர் காலடிக்குப் போயிரலாம். முன்னாடி மாதிரி சிலைக்குத் தனியா போட்டு விடுவானா மாட்டானான்னு பாத்துட்டு நிக்க வேண்டாம். கண்ணாடி மேல நடக்க பயந்து ஓரமாவே போன சித்தி ஒருத்தங்கள பத்தி வீட்ல இப்பவும் பேச்சு ஓடுது.

ரெண்டாவது, டிரைவர். ரெண்டு டெம்போ டிராவலர்ல ஒண்ணோட டிரைவர் தங்கமான ஆளு, இன்னொருத்தர் நிப்பாட்டுற கடையெல்லாம் கமிஷன் கடை. சங்கு, சிப்பி, பாசிமாலை விக்கிற கடையில முக்கா மணி நேரம் போச்சு, சிப்ஸ் வாங்க கூட்டிட்டுப் போன இடத்துல நேந்திரங்காய் சிப்ஸ் எப்ப பொரிச்சதோ தெரியல, வடசேரி பக்கம் சுடச்சுட பொரிச்சு தருவாங்க, இத ஊர்க்காரனே இப்படிப் பண்ணுனா என்ன சொல்ல. கேட்டதுக்கு அண்ணாச்சி சமாளிச்சாரு, நம்புற மாதிரி இல்ல.

மூணாவது பில்லு. பேசின ரேட்டுக்கு மேல டிரைவர் பேட்டா, நைட் ஹால்ட், பார்க்கிங், நுழைவுச்சீட்டுன்னு தனித்தனியா ஒரு வால் வந்துச்சு. எல்லாம் நியாயமான செலவுதான், முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்திருந்தா அப்பா முகம் அப்படி சுருங்கியிருக்காது.

திங்கக்கிழமை மேற்கு பக்கம் போனது இந்த பேக்கேஜ்லயே பெஸ்ட். சொல்லப்போனா வெளியூர்க்காரங்கள கன்னியாகுமரி டவுன்லயே வச்சு அரைச்சு எடுக்குறது வேஸ்ட்னு எனக்கு எப்பவும் தோணும், ஜில்லாவோட அழகு கல்குளம் விளவங்கோடு தாலுகா பக்கம்தான் இருக்கு, ரப்பர் தோட்டமும் குளமும் வாழையுமா. மாத்தூர் தொட்டிப்பாலத்துல பறளியாத்துக்கு மேல 115 அடி உயரத்துல கால்வாய் தண்ணி ஓடும், அது பக்கத்துலயே நடக்கலாம். பாசனத்துக்குக் கட்டுனது இப்படி டூரிஸ்ட் ஸ்பாட் ஆயிருச்சேன்னு சிவில் என்ஜினீயர் மாப்ள ஒருத்தன் தூண் ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்தான். அப்புறம் திற்பரப்புல குளியல். சிதறால் சமணர் மலை ஏற பசங்கள மட்டும் தனியா அனுப்பிட்டு பெரியவங்கள குலசேகரம் பக்கம் ஒரு வீட்டு மெஸ்ல உக்கார வச்சாரு. கல்யாணம் முடிஞ்சதால கவிச்சிக்கு தடை இல்ல, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மசியலும் மீன்கறியும். மூணு நாளா தேங்காயெண்ணெ வாசனைக்கு மூக்க சுளிச்ச கோயம்புத்தூர் அத்தை ரெண்டாவது தடவ வாங்கி சாப்பிட்டாங்க. மட்டி வாழைப்பழத் தார் ஒண்ணு வண்டியில ஏறுச்சு, அது ஊர் போய்ச் சேரல.

முட்டத்தப் பத்தியும் ஒரு வரி. ஆவணியில கன்னியாகுமரி டவுன்ல நின்னா அஸ்தமன சூரியன் கடலுக்குள்ள விழாது, கரைப்பக்கமா ஒதுங்கிரும், அது ஐப்பசிக்கு மேலதான் சரியா வரும். அண்ணாச்சி அது தெரிஞ்சுதான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் முட்டம் பாறைக்குக் கூட்டிட்டுப் போனாரு. அலைக்குப் பக்கத்துல யாரையும் இறங்க விடல, பசங்களுக்கு கோவம், ஆனா அந்தக் கடல் தெரிஞ்சவன் விடமாட்டான்.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். இவர மாதிரி ஆள புடிச்சீங்கன்னா வண்டி எண்ணிக்கை பேசுறதுக்கு முன்னாடி கிழமை, கோவில் நடை சாத்துற நேரம், லீவு எல்லாம் போட்டு ஒரு ஷெட்யூல் எழுதி வாங்குங்க. சுசீந்திரம் கோவில்ல உச்சிக்கு அப்புறம் நடை சாத்திருவாங்க, ஆம்பளைங்க சட்டைய கழட்டணும்னும் முன்கூட்டியே சம்பந்தி வீட்ல சொல்லிருங்க. பேட்டா, பார்க்கிங் எல்லாம் உள்ளயா வெளியயான்னு கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க, கடையில நிப்பாட்டக் கூடாதுன்னு டிரைவர்ட்டயே நேரா சொல்லுங்க. கார்த்திகையிலயோ தை முதல் வாரத்துலயோ கல்யாணம்னா ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும்போது போட்டுக்கு விடியக்காலமே ஒரு ஆள லைன்ல நிப்பாட்டணும், அதுக்கு வழி இல்லன்னா வயசானவங்கள கரையில இருந்தே சிலைய பாக்க வச்சிட்டு நேரா வட்டக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க கோட்டை மதில்ல காத்தாட உக்காந்தே கடல் பாக்கலாம்.